வேதாளையில் ஒரு சாவு: அந்தோனியோ கிரிமினாலி எந்தப் பகைக்கு இரையானார்?

1549-இல் வேதாளையில் ஈட்டிக்கு இரையான இயேசு சபைக் குரு அந்தோனியோ கிரிமினாலியை, வேதத்தின்மேல் கொண்ட பகையால் கொல்லப்பட்டவர் என்றே பலர் எழுதிவந்திருக்கிறார்கள். சபையின் முதல் மறைசாட்சி என்ற பட்டமும் அதை ஒட்டியே நிற்கிறது. பார்மா அருகே சிஸ்ஸாவில் 1520-இல் பிறந்து, முத்துக்குளித்துறைப் பணிக்குத் தலைமையேற்ற அந்த இளைஞரின் பெருமையை இந்த வாசிப்பு குறைத்துவிட்டது என்பது என் கருத்து.

வேதாளை இராமேசுவரத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. அங்கிருந்த போர்த்துக்கீசியத் தலைவன் கொரெயா, வழியை மறித்து அகழி வெட்டி, யாத்திரிகர்களிடம் காசு கேட்டான். சாமி கும்பிடப் போகிறவனை மறித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? வடுகர் (தெலுங்கர்) படையை வரவழைத்தது அந்தச் சுங்கம்தான்.

இனி, சர்ச்சைக்குரிய பகுதி. சபைக் கடிதங்களை ஒட்டி எழுந்த விவரிப்பின்படி, ஊர்ச் சனங்களைத் தோணியேற்றும் வேலையில் குருவானவர் கரையிலேயே நின்றுவிட்டார். படை நெருங்கியதும் கைகளை உயர்த்தி முழந்தாட்படியிட்டார். முதல் கூட்டம் அவரைத் தொடாமல் கடந்தது. இரண்டாவது கூட்டமும் அப்படியே. மூன்றாவது கூட்டத்தில்தான் ஈட்டி பாய்ந்தது. முதல் இரண்டையும் தெய்வச் செயலாகக் கொள்ளலாம். எனக்கு அவை சான்றாகத் தெரிகின்றன. வேதத்தின்மேல்தான் பகை என்றால், கண்ணில் பட்ட குருவை முதல் கூட்டமே விட்டுவைத்திருக்காது. தப்பிக்க இருமுறை வாய்ப்பிருந்தும் அவர் போகவில்லை என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

மூன்று முறை என்பது பக்திக் கதைகளின் அச்சு என்பார்கள். புகழுக்காகப் புனைந்தவர் எதிரி இருமுறை இரக்கம் காட்டியதாக எழுதுவாரா?

கொன்றவர்களை மன்னிப்பதைப் பற்றிக் கிரிமினாலி பேசியதாக நான் எதையும் இங்கே கூறவரவில்லை; அவர் செயலைத்தான் சொல்கிறேன். கொரெயாவின் பேராசைக்கு விலை கொடுத்தவர் அதில் பங்கேற்காத குரு. 1544-இல் மன்னாரில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டபோது, யாழ்ப்பாண மன்னனைத் தண்டிக்கப் படை அனுப்பும்படி இயேசு சபையின் பிரான்சிஸ் சவேரியாரே வற்புறுத்தினார். அவர் நியமித்த கிரிமினாலியோ ஆயுதமின்றி மண்டியிட்டார். சவேரியாரை இங்கே குறைசொல்ல நான் தயங்கினாலும், இருவரில் யார் மன்னிப்புக்கு நெருங்கியவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்தச் சாவை விளங்கிக்கொள்ளப் புனிதர் மரபுகூட வேண்டியதில்லை. 1842-இல் ஜி.யு. போப் பணி தொடங்கிய சாயர்புரம் சீர்திருத்தச் சபையின் ஊர். புனிதர் வணக்கம் அங்கே வழக்கமில்லை. பீடமும் பட்டமும் இல்லாமலேயே அவ்வூர் வாசகருக்கும் இந்த மரணம் விளங்கும்: அடுத்தவர் பிழைக்கத் தான் நின்றவரின் சாவு இது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2017 ஜூலை 11-இல் வெளியிட்ட ஆணை, பிறருக்காக மனமுவந்து உயிரைக் கொடுத்தலைப் புனிதர் நிலைக்குத் தனி வழியாக ஏற்கிறது. கிரிமினாலியின் வழக்கை இயேசு சபையாரும் சிவகங்கை மறைமாவட்டமும் அந்த வழியில் எடுத்துச்செல்ல வேண்டும்.