பட்டறையில் பிறந்த கார்கள்

திருவேட்டக்குடிக் கரையில் ஏற்றி நிறுத்தியிருக்கும் படகுகளின் முகப்பைப் பார்க்கிறவர்கள் உண்டு. பின்புறத்தை நின்று பார்க்கிறவர்கள் அபூர்வம். பார்க்க வேண்டியது அதைத்தான். ஒரு சிறு டீசல் இஞ்சின், அதிலிருந்து நீண்டு போகும் ஓர் இரும்புத் தண்டு, தண்டின் நுனியில் ஒரு விசிறி. மணலில் இழுத்து ஏற்றி, மணலிலிருந்தே அலைக்குள் தள்ளுகிற படகுக்கு அடியில் விசிறியை நிரந்தரமாகப் பொருத்த முடியாது. தரை தட்டினால் உடைந்து போகும். அதனால்தான் வேண்டும்போது தண்ணீரில் இறக்கவும் வேண்டாதபோது தூக்கவும் தோதாக அந்த நீளத் தண்டு. இஞ்சின் கம்பெனியில் செய்தது. தண்டு வளைந்தால் நிமிர்த்துவதும், தேய்ந்தால் கடைந்து மாற்றுவதும் லேத்துப் பட்டறைக்காரரின் வேலை.

எந்த வாகனத்திலும் சங்கதி இதுதான் என்பது என் அபிப்பிராயம். இஞ்சினை எங்கிருந்தாவது சம்பாதித்துவிடலாம். அதன் சக்தியை விசிறிக்கோ சக்கரத்துக்கோ சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் கைவேலைக்காரனின் கெட்டிக்காரத்தனம் தெரியும். தம் கையாலேயே கார் கட்டிக்கொண்டவர்களின் சரித்திரத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் சில விஷயங்கள் விளங்குகின்றன.

இந்தப் பித்து முற்றிப் போனது அமெரிக்காவில், கலிபோர்னியாப் பக்கத்தில். போர்டு கம்பெனி 1908 முதல் 1927 வரை ஒரே மாடலில் ஒன்றரைக் கோடி கார்களைச் செய்து தள்ளியது. பிறகு 1932-ல் எட்டு சிலிண்டர் இஞ்சினைச் சாமானியர் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தது. பழைய வண்டிகள் குப்பைக்கு வந்தன. கையில் காசில்லாத பிள்ளைகள் அவற்றை வாங்கி, கூரையையும் மட்கார்டையும் கழற்றி எறிந்து, இரண்டு பேர் உட்காரும் திறந்த வண்டியாக்கி, வற்றிப்போன ஏரித் தரைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 'ஹாட் ராட்' என்று பெயர். 1937-ல் சங்கம் கூட வைத்துக்கொண்டார்கள். யுத்தம் முடிந்ததும் ஒருவர் போர் விமானத்தின் வயிற்றில் தொங்கும் பெட்ரோல் தொட்டியையே வண்டிக்கு உடம்பாக்கினார்.

வேடிக்கை வெளியே தெரிந்த இந்த உடம்பில் இல்லை, உள்ளே இருந்தது. இஞ்சினின் பலத்தைக் கூட்டினால் கியர்ப் பெட்டியின் பற்கள் உதிரும். லிங்கன் ஸெஃபயர் என்ற உயர்ந்த ரகக் காரின் பற்சக்கரங்களை எடுத்து போர்டு பெட்டிக்குள் பொருத்தினார்கள். ஒரு வருஷத்து இஞ்சினோடு வேறு வருஷத்துப் பெட்டியைச் சேர்க்க நடுவே ஒரு தகட்டைக் கடைந்து போட்டார்கள். இப்படிச் செய்த வண்டியை யாருடைய வண்டி என்பது? பன்றியை வீழ்த்தியது யார் அம்பு என்று அர்ஜுனனும் வேடனாக வந்த சிவனும் சண்டை போட்ட கதையைத் தலபுராணமாகச் சொல்லும் ஊர்க்காரன் நான்; எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

அங்கே இந்தக் கலை மிகுதியில் பிறந்தது. நம் நாட்டிலோ பற்றாக்குறையில் பிறந்தது.

கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவைப் பற்றித் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தோடு ஒத்துப்போகாமல், ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை ஓட்டுவதற்கு முன் அக்கு அக்காகக் கழற்றிப் பூட்டிப் பார்த்த மனிதர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து காட்டினார். விலை 2,000 ரூபாய். சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கவில்லை, கார் நின்றுபோயிற்று. கலிபோர்னியாவில் பையன்கள் விளையாட்டாகச் செய்ததை இங்கே ஒரு தொழில் நிபுணர் வியாபாரமாகச் செய்ய முயன்றார். அங்கே பல் உடைந்தால் வேறு பல் போட்டார்கள். இங்கே உடைந்தது பல்லல்ல. காகிதத்தில் நின்றுபோன வண்டியை எந்த லேத்திலும் கடைந்து சரிசெய்ய முடியாது. அந்த 2,000 ரூபாய்க் கார் ஓடியிருந்தால் தமிழ்நாட்டுச் சாலைகள் எப்படி மாறியிருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. கதை எழுதுகிறவனுக்கு அந்தச் சபலம் சகஜம்.

1950-களின் நடுவில் போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் கார் பூட்டும் வேலையை நிறுத்திவிட்டன. அப்புறம் முப்பது வருஷ காலம் நமக்கு வாய்த்தவை அம்பாசிடர், பியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஆகிய மூன்று குடும்பங்கள்தாம். வேகப் பித்துப் பிடித்தவன் என்ன செய்வான்? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் தளம் ஒன்று சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. தொழிற்சாலைப் பந்தயக் கார்களோடு பட்டறைக் கார்களும் அங்கே ஓடின.

1961-ல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இந்தக் காரியத்துக்கு ஏற்ற வண்டி. அதன் உடம்பு வேறு, சட்டம் வேறு. உடம்பைக் கழற்றினாலும் சட்டமும் இஞ்சினும் சக்கரமும் ஒன்றாக நிற்கும். ஆனால் பாரம் சமமாக விழ வேண்டுமென்று இஞ்சினைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால், கியர்ப் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டை வெட்டிக் குறுக்க வேண்டும். வெட்டி ஒட்டிய தண்டு ஒரு நூலிழை கோணினாலும் போதும். மெதுவாகப் போகையில் சாதுவாக இருந்து, வேகம் ஏறியதும் வண்டியையே உலுக்கிவிடும். எங்கள் கரையில் வளைந்த தண்டுக்கு நிகழ்வதும் இதுவே. அங்கே உலுங்குவது படகு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தத் தண்டுத் தொல்லையைத் தண்டே இல்லாமல் செய்து தீர்த்த வண்டி கோயம்புத்தூரிலிருந்து வந்தது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-ல் மூன்று சிலிண்டர் இஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே மூட்டையாக முன்பக்கம் குறுக்கே படுத்திருந்தன. முன்சக்கரங்களே வண்டியை இழுத்தன. எஸ். கரிவர்தன் என்ற பந்தயக்காரர் 1980-களின் கடைசியில் உருவாக்கிய பார்முலா மாருதி என்ற ஒற்றை ஆசனக் காரில் அந்த மூட்டையை அப்படியே எடுத்து ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். முன்சக்கரத்தை இழுத்தது பின்சக்கரத்தைத் தள்ளிற்று. தெருவில் ஓடும் காரின் பாகங்களே போதும் என்றாகிவிட்டதால், சீமைக் கார் வாங்க வசதியில்லாத பிள்ளைகளும் பந்தயத்துக்கு வந்தார்கள்.

சோழவரத்துப் பந்தயங்கள் அதற்குள் ஓய்ந்துவிட்டன; 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே பாதை போட்டார்கள். அங்கே பார்முலா மாருதியில் தொடங்கிய கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஜோர்டன் அணிக்காக பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவர்தனுக்கு அவர் உறவுமுறையில் மருமகன். அதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை. 1995-ல் சிறு விமானம் ஒன்று விழுந்து அவர் இறந்துபோனார். கோயம்புத்தூருக்கு வெளியே செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயப் பாதைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.