விருப்பு வாக்கே நம் கையிலுள்ள முதனிலைத் தேர்தல்

ஒரு கட்சியின் சார்பில் களமிறங்க வேண்டியவர் யார் என்பதை அக்கட்சியின் ஆதரவாளர்களே வாக்களித்துத் தீர்மானிப்பது முதனிலைத் தேர்தல் எனப்படும். கட்சிப் பிரமுகர்கள் சிலர் மூடிய அறைக்குள் வேட்பாளர்களைப் பொறுக்கியெடுத்த வழக்கத்தை எதிர்த்து, அமெரிக்க முற்போக்காளர்கள் நடத்திய போராட்டத்தின் பேறாக விஸ்கொன்சின் மாநிலம் 1903ஆம் ஆண்டில் இதற்கெனச் சட்டமியற்றியது. 2025 ஜூன் மாதம் நியூயோர்க் நகரில் நடைபெற்ற ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில், முன்னாள் ஆளுநர் அன்ட்ரூ குவோமோவை ஸொஹ்ரான் மம்தானி என்ற இளம் முஸ்லிம் வேட்பாளர் தோற்கடித்தார். நவம்பரில் மேயராகவும் தெரிவானார். செல்வாக்கு மிக்க பழைய தலைவர் ஒருவரை ஆதரவாளர்களின் வாக்கு ஒதுக்கிவிட முடியும் என்பதற்கு இது அண்மைக்காலச் சான்றாகும்.

இலங்கையில் இத்தகைய தேர்தல் இல்லை. வேட்புமனுவில் யாருடைய பெயர் இடம்பெற வேண்டும் என்பதைக் கட்சியின் நியமனக் குழுவே முடிவு செய்கின்றது. எனினும், கட்சிப் பட்டியலுக்குள் இருந்து தமக்கு ஏற்றவரைத் தெரிவு செய்யும் உரிமை நமது வாக்காளர்களுக்கும் உண்டு. அதுவே விருப்பு வாக்கு. இதன் பெறுமதியைத் திருகோணமலை மாவட்டத்து மக்கள், குறிப்பாகத் தமிழரும் முஸ்லிம்களும், முழுமையாக உணர்ந்திருக்கின்றார்களா என்பது நமது ஐயம்.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசாரத் தேர்தல் முறையைக் கொண்டுவந்தபோது, பட்டியலில் யார் முன்னே, யார் பின்னே என்பதைக் கட்சியே வகுத்துக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. 1988இல் நிறைவேறிய 14ஆவது திருத்தம் அந்த அதிகாரத்தை வாக்காளர்களிடம் ஒப்படைத்தது. 1989ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் இம்முறை நடைமுறையில் உள்ளது. திருகோணமலை, மூதூர், சேருவில ஆகிய மூன்று தேர்தல் தொகுதிகளைக் கொண்ட இம்மாவட்டத்திற்கு நான்கு ஆசனங்கள் உண்டு. ஆசனங்களின் எண்ணிக்கையைவிட மூவரை அதிகமாக நிறுத்த வேண்டும் என்பது விதியாகையால், ஒவ்வொரு பட்டியலிலும் ஏழு பேர் இடம்பெறுவர். கட்சிக்குப் புள்ளடியிட்ட பின்னர், அந்த ஏழு பேரில் மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம்.

ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என வரிசைப்படுத்துவது வேறு, இது வேறு. இங்கே மூன்று விருப்பு வாக்குகளுக்கும் சமமான பெறுமதியே உண்டு. மூவருக்கு மேல் அடையாளமிட்டால் விருப்பு வாக்குகள் செல்லாமற் போகும். கட்சிக்குப் புள்ளடியிடாமல் வேட்பாளரின் இலக்கத்துக்கு மட்டும் அடையாளமிடுவதிலும் பயனில்லை.

2024 நவம்பர் 14ஆம் திகதிய தேர்தலை எடுத்துக்கொள்வோம். தேசிய மக்கள் சக்தி 87 ஆயிரம், ஐக்கிய மக்கள் சக்தி 53 ஆயிரம், இலங்கைத் தமிழரசுக் கட்சி 34 ஆயிரம் வரையிலான வாக்குகளைப் பெற்றன. முதலிடம் பெறும் கட்சிக்கு ஓர் ஆசனம் மேலதிகமாகக் கிடைப்பதால், அதற்கு இரண்டும் ஏனைய இரண்டுக்கும் ஒவ்வொன்றுமாக ஆசனங்கள் பகிரப்பட்டன. எத்தனை ஆசனம் என்பதைக் கட்சிகளுக்குக் கிடைத்த வாக்கு தீர்மானித்தது. அருண் ஹேமச்சந்திர, ரொஷான் அக்மீமன, இம்ரான் மஹ்ரூப், சண்முகம் குகதாசன் ஆகிய நால்வரும் சபைக்குச் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானித்தது விருப்பு வாக்கே.

இந்த வாக்கின் வலிமை தேர்தல் நாளோடு முடிந்துவிடுவதுமில்லை. 2024 ஜூன் 30ஆம் திகதி இரா.சம்பந்தன் காலமானபோது, 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்த நிலையிலிருந்த குகதாசனே அவ்விடத்திற்கு வந்தார். இரண்டாவது, மூன்றாவது விருப்பு வாக்குகளை வெறுமையாக விட்டுவிடுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

விருப்பு வாக்கு முறையில் குறைகள் இல்லை என நாம் கூறவில்லை. ஒரே பட்டியலில் உள்ளவர்களே தமக்குள் மோதிக்கொள்வதற்கும், பணபலம் படைத்தவர் முந்திச் செல்வதற்கும் அது வழிவகுத்துள்ளது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டம் செலவுக்கு வரம்பு விதித்து, ஒவ்வொரு வேட்பாளரும் கணக்குக் காட்டுவதைக் கட்டாயமாக்கியுள்ளது. அக்கணக்குகளைக் கேட்டுப் பார்ப்பது மக்களின் கடமையாகும்.

முற்போக்கானவர் என ஒரு வேட்பாளரை எவ்வாறு இனங்காண்பது? எந்தக் கட்சிக்கும் பரிந்து பேச நாம் முற்படவில்லை. எல்லாக் கட்சிகளின் பட்டியல்களுக்கும் பொருந்தக்கூடிய சில வினாக்களையே முன்வைக்கின்றோம். 2006இல் இடம்பெயர்ந்து, 2015இன் பின்னரே தம் மண்ணுக்குத் திரும்பத் தொடங்கிய சம்பூர் மக்களின் காணிகளுக்காக ஒரு முஸ்லிம் வேட்பாளர் குரல் கொடுத்தாரா? 2021 நவம்பரில் பாடசாலைப் பிள்ளைகளைக் காவுகொண்ட கிண்ணியா குறிஞ்சாக்கேணிப் படகுப் பாதை விபத்தைத் தமது இழப்பாகக் கருதி ஒரு தமிழ் வேட்பாளர் பேசினாரா? 2018இல் திருகோணமலைப் பாடசாலை ஒன்றில் ஆசிரியைகளின் அபாயா தொடர்பில் எழுந்த சர்ச்சையின்போது தீயை மூட்டியவர் யார், தணித்தவர் யார்? 2020இல் கிழக்கின் தொல்லியலுக்கென நியமிக்கப்பட்ட ஜனாதிபதிச் செயலணியில், தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ எவரும் இடம்பெறாதபோது, அதைத் தம்மினத்துக்கான குறையாக மட்டுமன்றிப் பொதுவான அநீதியாகக் கண்டவர் யார்? துறைமுகத்தை அண்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் குறித்து 2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கையால் உள்ளூர் இளைஞருக்கு என்ன கிட்டும் எனக் கேட்டவர் யார்?

தம் சமூகத்துக்காகப் பேசுவது எளிது, வாக்கும் கிடைக்கும். அயல் சமூகத்தின் நியாயத்துக்காகப் பேசுபவருக்கு வாக்கு இழப்பே நேரலாம். அந்த இழப்பை ஈடுசெய்யக்கூடியது விருப்பு வாக்கு ஒன்றே. பல்லினப் பட்டியலொன்றுக்கு வாக்களிப்பவர் மூன்று விருப்பு வாக்குகளையும் தம்மினத்தவருக்கே வழங்க வேண்டிய அவசியம் இல்லை. ஒன்றையேனும் அயலவரில் நேர்மையானவருக்கு வழங்கினால், நான்கே ஆசனங்களுக்காக மூவினங்களும் முட்டிமோதும் இம்மாவட்டத்தில் அரசியலின் தொனியே மாறும்.

ஆயினும், பட்டியலில் இல்லாதவருக்கு விருப்பு வாக்கு அளிக்க இயலாது. ஆகவே கட்சிகளும் தம் கதவுகளைத் திறந்தாக வேண்டும். 2024 ஜனவரி 21ஆம் திகதி திருகோணமலையில் தமிழரசுக் கட்சி தனது தலைவரை வாக்கெடுப்பின் மூலம் தெரிவு செய்தது. சிவஞானம் சிறீதரன் 184 வாக்குகளும் எம்.ஏ.சுமந்திரன் 137 வாக்குகளும் பெற்றனர். பின்னர் அக்கட்சியின் விவகாரம் நீதிமன்றப் படியேறியமை வருந்தத்தக்கதே. எனினும், போட்டியிட்டுத் தெரிவு செய்ததைக் குற்றமாகக் கொள்வதற்கில்லை. முடிவை ஏற்றுக்கொள்ளும் பண்பாடு வளராததே குறையாகும். தலைவரை வாக்களித்துத் தெரிய முடியுமாயின், வேட்பாளர்களை ஏன் அவ்வாறு தெரியலாகாது? தமிழ்க் கட்சிகள், முஸ்லிம் கட்சிகள், தேசியக் கட்சிகள் என அனைத்திடமும் நாம் கேட்பது இதுவே: மாவட்டக் கிளை உறுப்பினர்களின் இரகசிய வாக்கெடுப்பின் மூலம் அந்த ஏழு பெயர்களையும் தெரிவு செய்யுங்கள், அவற்றுள் பெண்களுக்கும் உரிய இடமளியுங்கள்.

அது நிகழும்வரை, மக்களிடம் எஞ்சியிருப்பது மூன்று புள்ளடிகளே. அவற்றை வீணடித்துவிட்டு ஐந்தாண்டுகள் புலம்புவதிலும் பார்க்க, வாக்குச்சாவடிக்குச் செல்லுமுன் ஏழு பெயர்களையும் ஒருமுறை எடைபோட்டுப் பார்ப்பதே விவேகமாகும்.