கைக்குழந்தையோடு கடல் கடந்தவர்கள்

காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் குடியிருந்த ஓர் இளம் தம்பதியர் போன வருஷம் வீட்டைக் காலி செய்தார்கள். கணவருக்கு மொரீசியஸ் தீவில் வேலை கிடைத்திருந்தது. மூத்த பெண்ணுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு இரண்டு. சொல்லிக்கொண்டு போக வந்தபோது, எண்பது வயது தாண்டிய என் தாயார் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, மோரீஸ் பழம்னு சொல்வாங்களே, அந்த ஊரா? அவ்ளோ தூரத்துல பச்சப் புள்ளய வச்சிக்கிட்டு ஒத்தையில என்ன பண்ணுவ? அங்க நம்ம ஆளுங்க யாராச்சும் இருப்பாங்களா?"

"தெரியல பாட்டி, போய்த்தான் பாக்கணும்" என்றாள் அவள்.

எனக்குப் பதில் தெரியும். ஆனால் வாசலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. இரு நூற்றாண்டுக் கதையை வாசற்படியில் நின்று சொல்ல முடியுமா? அன்று சொல்லாமல் விட்டதை இந்த மலரின் பக்கங்களில் எழுதுகிறேன். அது அந்தப் பெண்ணுக்கு மட்டும் உரிய கதையல்ல. ஊரை விட்டு வந்து பெங்களூரில் பிள்ளை வளர்க்கும் நம் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

இரண்டு ஊர்கள், ஒரே காலம்

பெங்களூர் கண்டோன்மெண்ட் 1809ஆம் ஆண்டு வாக்கில் உருவானது. சென்னைப் படையின் பின்னால் சமையற்காரர், சலவைக்காரர், தச்சர், கொத்தனார், தானிய வியாபாரி என்று ஆற்காட்டுச் சீமையிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர் மலையேறி வந்தார்கள். நம்மில் பலருடைய கொள்ளுத்தாத்தாக்கள் அப்படி வந்தவர்களே. காக்ஸ் டவுன் என்ற பெயரெல்லாம் வெகுகாலம் கழித்து, 20ஆம் நூற்றாண்டில் கண்டோன்மெண்ட் விரிந்தபோது வந்தது.

கண்டோன்மெண்ட் பிறந்த மறு வருஷம், 1810 டிசம்பரில், ஆங்கிலேயர் இந்தியப் பெருங்கடலில் இருந்த பிரெஞ்சுத் தீவு ஒன்றைக் கைப்பற்றினார்கள். அந்தப் போருக்குப் போனவர்களில் சென்னைப் படைச் சிப்பாய்களும் உண்டு. அந்தத் தீவுதான் மொரீசியஸ். ஆனால் அங்கே முதலில் கால் வைத்த தமிழர் இந்தச் சிப்பாய்கள் அல்லர். அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே, 1735ல் ஆளுநராக வந்த லபூர்தொனே என்ற பிரெஞ்சுக்காரர், போர்ட் லூயிஸ் துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞரை வரவழைத்தார். அவர்கள் குடியிருந்த பகுதிக்கு 'மலபார் முகாம்' என்று பெயர். பிரெஞ்சுக்காரர் தமிழரை அப்போது 'மலபார்' என்றுதான் அழைத்தார்கள்.

ஐந்து ரூபாய்ச் சம்பளம்

பெருந்திரளாகத் தமிழர் போனது அடுத்த கட்டத்தில். 1835 பிப்ரவரி 1 அன்று மொரீசியசில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது, ஆனால் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! அதற்கு முன்னதாகவே, 1834 நவம்பர் 2 அன்று, 'அட்லஸ்' என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 தொழிலாளர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை இப்படித் தொடங்கியது. ஆள் பிடிப்பதில் நடந்த ஏமாற்று வேலைகள் அம்பலமாகி, 1830களின் இறுதியில் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. (மனிதரைப் பற்றி எழுதும்போது 'ஏற்றுமதி' என்ற சொல் உறுத்துகிறது. ஆனால் நடந்தது அதுதான்.) 1842ல் தடை நீங்கியதும் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று துறைமுகங்களும் திறந்துவிடப்பட்டன.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ நாலரை லட்சம் இந்தியர் அந்தத் தீவில் இறங்கினார்கள். சென்னை வழியாகப் போனவர்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் தெலுங்கரும் உண்டு. பாய்மரக் கப்பலில் பல வாரப் பயணம். மாதம் ஐந்து ரூபாய்ச் சம்பளம், அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள். இதற்கு 'இரட்டை வெட்டு' என்றே பெயர். மாசக் கடைசியில் கையில் மிஞ்சியது எவ்வளவு என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

குடும்பம் வந்தபோது

தொடக்கத்தில் போனவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். ஐந்து வருஷம் உழைத்துக் காசு சேர்த்துத் திரும்பி விடலாம் என்பது அவர்கள் எண்ணம். திரும்பியவர்களும் உண்டு. ஆனால் அப்படித் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் செய்ததைக் கவனிக்க வேண்டும். மனைவியையும் பிள்ளையையும் தம்பியையும் பக்கத்து வீட்டுக்காரனையும் அழைத்துக்கொண்டு மறுபடி கப்பல் ஏறினார்கள். கூலிகள் எல்லோரும் ஏமாற்றி ஏற்றப்பட்டவர்கள் என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். ஏமாற்று நிறையவே நடந்தது; மறுக்க முடியாது. ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகும், 'ஊரில் பட்டினி கிடப்பதைவிட அது மேல்' என்று கணக்குப் போட்டுக் குடும்பத்தோடு போனவர்களும் இருந்தார்கள். அந்தக் கணக்கில் நம் கிராமங்களின் அன்றைய நிலை தெரிகிறது.

ஆண்கள் மட்டுமே இருந்தால் தோட்டம் நிலைக்காது என்று அரசாங்கமும் உணர்ந்தது. 1850களில் இத்தனை ஆண்களுக்கு இத்தனை பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்று விகிதம் வகுத்தார்கள். வேறு பல காலனிகளைப் போலன்றி, மொரீசியசுக்குப் போன பெண்களில் பெரும்பாலோர் தாங்களே ஒப்பந்தத்தில் கட்டுப்படாமல் மனைவியாக, மகளாக வந்தவர்கள். ஆனால் வேலை இல்லாமலா இருந்தார்கள்? லயத்துக் குடிசையில் அடுப்பு மூட்டியதும், மாடு வளர்த்ததும், கீரைப் பாத்தி போட்டதும் அவர்கள்தாம். 1860களின் பிற்பகுதியில் மலேரியாக் காய்ச்சல் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனபோது, எஞ்சிய பிள்ளைகளைக் காப்பாற்றியதும் அவர்கள்தாம்.

1871க்குள் தீவின் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இந்தியர் ஆகிவிட்டனர். ஆள் மட்டும் போயிருந்தால் அது ஒரு கூலிப்படை. குழந்தையும் போனதால்தான் அது ஒரு சமுதாயம் ஆயிற்று.

போர்ட் லூயிஸில் கப்பலை விட்டு இறங்கியவர்கள் ஏறிய கற்படிகள் இன்றும் இருக்கின்றன. அந்தக் குடியேற்றக் கிடங்கு இப்போது 'ஆப்பிரவாசி காட்' என்ற பெயரில் 2006ஆம் ஆண்டு முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிவேட்டில் பெயரும் ஊரும் எழுதினார்கள். எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. காதில் விழுந்ததை எழுதினார். நம் வழக்கப்படி ஒருவருக்கு ஒரு பெயர், தகப்பன் பெயர் முன்னெழுத்து. அங்கே தகப்பன் பெயரே பரம்பரைக் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. முத்து, ஆறுமுகம், சின்னத்தம்பி, வீராசாமி என்று 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யாரோ ஒரு தாத்தாவின் பெயரைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலோடு இன்றைய பேரப்பிள்ளைகள் சுமக்கிறார்கள்.

மிஞ்சியது, போனது

ஒப்பந்தம் முடிந்தவர்களையும் சும்மா விடவில்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டு இல்லாமல் நடமாட முடியாது. 1871ல் இதை எதிர்த்து 9,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனு ஒன்றை அடோல்ஃப் தெ பிளெவிட்ஸ் என்ற ஐரோப்பியர் தயாரிக்க உதவினார். அதன் விளைவாக அரசு விசாரணைக் குழு வந்தது. மெல்ல மெல்ல நிலைமை மாறியது. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது சேமித்த காசில் நிலம் வாங்கினார்கள். 1901ல் கப்பல் தங்கியதால் சில வாரம் அங்கே இருந்த காந்தியடிகள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். 1968 மார்ச் 12ல் நாடு விடுதலை பெற்றது.

இன்று தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. போர்ட் லூயிஸில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில் இருக்கிறது. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998ல் வெளியிட்ட புது நோட்டில் தமிழ் வரியைக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று தமிழர் கொதித்தெழ, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நோட்டில் தமிழுக்காகப் போராடிய அந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது தமிழ் அல்ல, கிரியோல். தேவாரத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துப் பாடுபவர்கள் உண்டு. அவர்களுக்குப் பற்று குறைவு என்று யார் சொல்ல முடியும்? அலகு குத்திக் காவடி எடுப்பவனைப் பார்த்துப் பற்றில்லை என்று சொல்லலாமா?

பிறகு ஏன் மொழி போயிற்று? தோட்டத்தில் போஜ்புரி பேசுபவர், தெலுங்கர், ஆப்பிரிக்க வம்சத்தார் எல்லோரும் கலந்து வேலை செய்தார்கள். பொதுப் பேச்சு கிரியோல். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும். உத்தியோகம் அந்த மொழிகளில். தமிழுக்கு மிஞ்சிய இடம் கோவில் மட்டும். தாய் தமிழில் கேட்டாள், பிள்ளை கிரியோலில் பதில் சொன்னது. அந்தப் பிள்ளை தாயானபோது கேள்வியும் கிரியோலில் வந்தது. அவ்வளவுதான். யாரும் தமிழை விட வேண்டும் என்று முடிவெடுக்கவில்லை.

இதோடு மலாயாவை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கேயும் தோட்டம், அங்கேயும் கங்காணி, அங்கேயும் லயம். ஊர் ஊராக உறவோடு போனதும், தமிழகம் கிட்ட இருந்ததும், ஆட்கள் போய் வந்துகொண்டே இருந்ததும் உதவின. இன்னொன்றும் உண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். பல இடங்களில் அது ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாரும்தான். ஆனாலும் பிள்ளை 'அ' எழுதியது. இன்று மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. மொரீசியசிலும் பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடமாக இருக்கிறது. மோகா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் தமிழ் கற்பிக்கிறது. ஆனால் அங்கே பல பிள்ளைகளுக்கு அது வீட்டுமொழி அல்ல, புதிதாகக் கற்கும் பாடம்.

நம் வீட்டுக்கு வருவோம்

1856ல் சென்னையிலிருந்து வாலாஜா வரை ரயில் வந்தது. 1864ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்ட்டுக்குப் பாதை திறந்தது. ஒரே ஆற்காட்டுக் கிராமத்திலிருந்து ஒருவர் மேற்கே ஏறிக் கண்டோன்மெண்ட் வந்திருக்கலாம். இன்னொருவர் கிழக்கே போய்ச் சென்னையில் கப்பல் ஏறியிருக்கலாம். நாம் மேற்கே வந்தவர்களின் பிள்ளைகள். நமக்குக் கடல் இல்லை. இரவு ரயில் ஏறினால் காலையில் ஊர். கண்டோன்மெண்ட்டில் ஆற்காடு நாராயணசாமி முதலியார் போன்றோர் 1873லேயே பள்ளி தொடங்கினார்கள். தமிழ் வழியில் படித்தவர்கள் நம் தலைமுறையில் நிறையப் பேர் உண்டு. இன்று அந்த வகுப்புகளில் பிள்ளைகள் அருகிவிட்டார்கள். கன்னடம் நமக்குச் சோறு போடும் மண்ணின் மொழி. நம் பிள்ளைகள் அதை நன்றாகவே கற்க வேண்டும். ஆங்கிலமும் வேண்டும். இவற்றில் எதுவும் தமிழுக்குப் பகை அல்ல. "என்னடா கண்ணு, சாப்டியா?" என்று நாம் கேட்க, "ஐ ஆம் நாட் ஹங்ரி பாட்டி" என்று பதில் வரும்போது சிரித்துவிட்டுப் போகிறோமே, அங்கேதான் மொரீசியஸ் தொடங்குகிறது.

சமீபத்தில் அந்தப் பெண் தொலைபேசியில் பேசினாள். தைப்பூசத்துக்குக் கோவிலுக்குப் போயிருந்தார்களாம். மகனை "டேய், ஓடாதே, இங்க வா" என்று அதட்டியபோது, பக்கத்தில் நின்ற ஒரு முதிய அம்மாள் திரும்பிப் பார்த்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம். பொருள் அவருக்குத் தெரியவில்லை. தன் பாட்டி இப்படித்தான் கூப்பிடுவாள் என்று மட்டும் கிரியோலில் சொல்லி, குழந்தையின் தலையைத் தடவிக் கொடுத்தாராம்.

என் தாயாரிடம் இதைச் சொன்னேன். "அப்ப நம்ம ஆளுங்க இருக்காங்க" என்று நிம்மதியானார். சற்று நேரம் கழித்து, "அவ புள்ளைங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்கச் சொல்லுடா" என்றார். பெரிய பாட்டிகளின் உத்தரவு கடல் கடந்தவர்களுக்கு மட்டும் அல்ல. காக்ஸ் டவுனில், ஜீவனஹள்ளியில், அல்சூரில் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையை உட்கார வைத்துத் தமிழில் ஒரு பக்கம் படிக்க வைக்கட்டும். பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் அதையே ஒரு வகுப்பாக நடத்தலாம். மலாயாச் சட்டம் கேட்டதும் பத்துப் பிள்ளைகளைத்தானே!