24 துப்பாக்கி வைக்கலாம்னு ஸ்டிக்கர் சொல்லும்.. பாதிதான் உள்ளே போகும்! நெரிசலான ‘கன் சேஃப்’பை அமெரிக்கர்கள் எப்படி அடுக்குகிறார்கள்?

பீரோவைத் திறந்ததும் துணியெல்லாம் மேல வந்து விழுவது நம்ம வீடுகளில் சகஜம். அமெரிக்காவில் பல வீடுகளில் இதே கதை இன்னொரு பீரோவில் நடக்கிறது. அந்த பீரோவுக்குப் பெயர் ‘கன் சேஃப்’. வேட்டைக்கான ரைஃபிள், தாத்தா விட்டுச்சென்ற ஷாட்கன், தற்காப்புக்கு வாங்கிய கைத்துப்பாக்கி என எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும். பின்வரிசையில் இருப்பதை எடுக்க முன்னால் இருக்கும் ஐந்தாறை வெளியே எடுக்கணும்.

அதனால்தான் வார இறுதியில் சேஃப்பைக் காலி செய்து, தானே திரும்ப அடுக்குவது அங்கே பலரும் செய்யும் ஒரு வீட்டு வேலை. அதை எப்படிச் செய்கிறார்கள்? அதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? பார்க்கலாம்.

ஒரு வீட்டில் இத்தனை துப்பாக்கியா?

இந்தியாவில் 2019-ல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, சாதாரண உரிமதாரர் ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்துக்கொள்ள முடியும். முன்பு அது 3. அதனால் நெரிசல் என்ற பேச்சே இங்கே எழாது.

அமெரிக்கா நேர் எதிர். அங்கே பொதுமக்களிடம் மட்டும் சுமார் 39.3 கோடி துப்பாக்கிகள் இருப்பதாக 2017-ம் ஆண்டு நிலவரத்தை வைத்து ‘ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே’ மதிப்பிட்டது. அதாவது 100 பேருக்கு 120 துப்பாக்கி. ஆனால் 2023-ல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, தன்னிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னவர்கள் 32 சதவீத பெரியவர்கள்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரியும். வைத்திருப்பவர்களில் பலரிடம் ஒன்றோடு நிற்பதில்லை.

‘24’ என்ற கணக்கு எங்கே இடிக்கிறது?

சேஃப் வாங்கும்போது ‘24 துப்பாக்கி’, ‘36 துப்பாக்கி’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஸ்கோப் இல்லாத, ஒல்லியான நீளத் துப்பாக்கிகளை ஒன்றோடொன்று உரச நெருக்கி நிறுத்தினால் வரும் கணக்கு அது. நிஜத்தில் ரைஃபிள் மேல் குறிபார்க்கும் ஸ்கோப் இருக்கும். பக்கவாட்டில் போல்ட் கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். தோளில் மாட்டும் வார் தொங்கும். இதெல்லாம் சேர்ந்தால் எழுதியிருப்பதில் பாதி எண்ணிக்கைதான் நிம்மதியாக உள்ளே நிற்கும். அனுபவசாலிகள் புதிதாக வாங்குபவருக்குச் சொல்லும் முதல் அறிவுரையே, ‘தேவைக்கு இரண்டு மடங்கு பெரிசா வாங்கு’ என்பதுதான்.

நெரிசலானா என்ன ஆகிடும்?

மரக்கட்டையில் கீறல் விழும், ஸ்கோப் இடித்து குறி தவறும், கண்ணுக்குத் தெரியாத மூலையில் துரு ஏறும். இதெல்லாம் உரிமையாளரின் பணக்கவலை. உண்மையான ஆபத்து வேறு. உள்ளே வைக்கச் சிரமமாக இருக்கும் பொருள் மெல்ல வெளியே தங்க ஆரம்பிக்கும். ‘காலையில எடுத்து வச்சுக்கலாம்’ என்று அலமாரி மேலேயோ, கட்டிலுக்கு அடியிலேயோ, கார் டேஷ்போர்டுக்குள்ளேயோ ஒரு துப்பாக்கி போகும். பூட்டிய பெட்டி வீட்டில் இருந்தும் பூட்டாத துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கும்.

அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு 2020 முதல் துப்பாக்கிதான் முதல் காரணம். சாலை விபத்தைக்கூட அது முந்திவிட்டது. அந்த நாட்டின் மொத்த துப்பாக்கி மரணங்களில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். ஒரு மோசமான தருணத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டுக்குள் இருக்கிறதா என்பது உயிரைத் தீர்மானிக்கும் வித்தியாசம்.

2021 நவம்பர் 30 அன்று மிச்சிகன் மாநிலம் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் சுட்டதில் 4 மாணவர்கள் இறந்தனர். அந்தக் கைத்துப்பாக்கியை அவன் அப்பா வாங்கி 4 நாள்தான் ஆகியிருந்தது. துப்பாக்கியைப் பூட்டும் கேபிள் வீட்டிலேயே உறை பிரிக்காமல் கிடந்தது. 2024 ஏப்ரலில் அப்பா, அம்மா இருவருக்குமே 10 முதல் 15 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிள்ளை நடத்திய பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்காக அமெரிக்காவில் பெற்றோர் மீது உள்நோக்கமின்றி மரணம் விளைவித்த குற்றம் நிரூபிக்கப்பட்டது அதுவே முதல்முறை. சிறார் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கணும் என்ற மிச்சிகன் சட்டம் அதே ஆண்டு பிப்ரவரி 13-ல்தான் அமலுக்கு வந்தது. நாடு முழுவதற்குமான அப்படி ஒரு சட்டம் இன்னும் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

முதல் வேலை: முழுசா காலி

அரைகுறையாக நகர்த்தி அடுக்கினால் வேலை முடியாது. பிள்ளைகள், விருந்தாளிகள் யாரும் இல்லாத நேரத்தைத் தேர்வு செய்கிறார்கள். முதலில் தோட்டாக்கள் மட்டும் வெளியே வரும், அவை வேறு அறைக்குப் போய்விடும். அதன்பிறகுதான் துப்பாக்கி. ஒவ்வொன்றாக எடுத்து, குழல் முனையை ஆள் இல்லாத திசையில் பிடித்து, மேகசினைக் கழற்றி, தோட்டா அறையைத் திறந்து கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்கணும். ‘அது காலிதான், எனக்குத் தெரியும்’ என்பது கணக்கில் சேராது. தாத்தா காலத்துத் துப்பாக்கியில்தான் பெரும்பாலும் யாரும் பார்க்காத தோட்டா இருக்கும்.

எல்லாம் படுக்கை மேல் விரித்த போர்வைக்கு வந்த பிறகு, ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் போட்டோ எடுத்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. திருடு போனால் போலீஸ் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். இதற்கென்றே ஒரு பதிவுப் படிவத்தை அமெரிக்க துப்பாக்கி ஒழுங்குமுறை அமைப்பான ஏடிஎஃப் வெளியிட்டிருக்கிறது. அந்தப் பட்டியலை சேஃப்புக்குள்ளேயே வைத்தால் என்ன பயன், அதுவும் சேர்ந்தே போய்விடும். வேறு இடத்தில் வைக்கணும்.

சாய்க்காமல் நிறுத்தும் குச்சி

சேஃப்போடு வரும் பள்ளம் வெட்டிய பலகையில் துப்பாக்கிகள் சாய்ந்து நிற்கும். சாய்ந்து நிற்பது எதுவானாலும் இடத்தைத் தின்னும். இதற்கு அங்கே பரவலாக இருக்கும் தீர்வு ரொம்ப எளிமையானது: ஒரு பிளாஸ்டிக் குச்சி.

மேல்தட்டின் அடிப்பக்கத்தில் வெல்க்ரோ ஒட்டும் வகை துணியைப் பொருத்துகிறார்கள். குச்சியின் கீழ்ப்பகுதி காலியான குழலுக்குள் இறங்கும். அதன் மேல் முனையில் உள்ள வெல்க்ரோ அந்தத் துணியில் ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கி பஸ்ஸில் கம்பி பிடித்து நிற்பவர் மாதிரி நேராக நிற்கும். பள்ளப் பலகையே தேவையில்லை என்பதால் நடுப்பகுதி முழுக்க இடமாகிறது. நீளமானதைப் பின்னாலும், குட்டையானதை முன்னாலும் நிறுத்தலாம். ஸ்கோப் உள்ளதையும் இல்லாததையும் மாற்றி மாற்றி வைத்தால் பக்கத்துத் துப்பாக்கியில் இடிக்காது. செலவு சில பத்து டாலர்தான். கைவேலை தெரிந்தவர்கள் ஒட்டுப்பலகையை அளந்து வெட்டி, கார்பெட் துணி சுற்றி தாங்களே தட்டு செய்துகொள்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குழலுக்குள் குச்சி இருப்பதை மறந்து யாரும் சுட்டுவிடக் கூடாது. அடைபட்ட குழல் வெடித்துச் சிதறலாம். எடுக்கும்போதே குச்சியை உருவி சேஃப்பில் விட்டுவிடுவதை வழக்கமாக்கணும்.

கைத்துப்பாக்கிகளைத் தட்டில் படுக்க வைத்தால் நாலு வைத்ததும் தட்டு நிரம்பிவிடும். ரப்பர் பூசிய கம்பிக் கொக்கிகளைத் தட்டின் விளிம்பில் செருகி, அதில் தொங்கவிட்டால் தட்டின் மேல்பக்கம் அப்படியே மிச்சமாகும். கதவின் உள்பக்கம் இன்னொரு வீணாகும் இடம். பை வைத்த துணிப் பலகை மாட்டினால் மேகசின், பாஸ்போர்ட், ஆவணம் எல்லாம் அங்கே போகும். ஆனால் கனமானதைக் கதவில் ஏற்றக் கூடாது. தோட்டா நினைப்பதைவிட கனம். 9 எம்எம் தோட்டா ஆயிரம் இருந்தால் சுமார் 12 கிலோ. அதை வேறு பூட்டிய பெட்டியில் வைக்கச் சொல்கிறார்கள் அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கத்தினர். துப்பாக்கி காலியாக ஒரு பூட்டில், தோட்டா தனியாக இன்னொரு பூட்டில்.

புது தட்டு பொருத்துகிறேன் என்று சுவரில் ஓட்டை போடுவதும் தவறு. பல சேஃப்களின் சுவருக்குள் தீயைத் தாங்க ஜிப்சம் பலகை வைத்திருப்பார்கள், நம்ம ஃபால்ஸ் சீலிங்கில் இருக்குமே, கிட்டத்தட்ட அதுதான். அதில் துளை விழுந்தால் தீப்பாதுகாப்பு குறையும். தரையோடு போல்ட் போட கம்பெனியே விட்டிருக்கும் துளைகளை மட்டும் பயன்படுத்தணும். அந்த போல்ட்டைப் போட காலி செய்த இந்த நாளைவிட நல்ல நேரம் கிடையாது.

ஈரம்தான் மெதுவான எதிரி

மூடிய இரும்புப் பெட்டிக்குள் ஈரக்காற்று மாட்டிக்கொண்டால் துரு நிச்சயம். ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கப் பார்க்கிறார்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல்லின் பெரிய டப்பா ஒரு வழி. நிறம் மாறியதும் அவனில் சூடுபடுத்தினால் மறுபடி பயன்படும். மின்வசதி இருந்தால் அடித்தட்டில் சூடாக்கும் கம்பி ஒன்றை வைப்பார்கள். வெதுவெதுப்பான காற்று மேலே ஏறி உள்ளே ஈரம் படியாமல் பார்த்துக்கொள்ளும். ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியிலும் தோல் உறையிலும் போட்டு உள்ளே வைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. இரண்டுமே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பூட்டை மறந்துடாதீங்க

உள்ளே எவ்வளவு அழகாக அடுக்கினாலும், கம்பெனி கொடுத்த எண்ணை மாற்றாமல் விட்டால் அது பூட்டே இல்லை. பேட்டரியை மாற்றி, மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது என்றும் பார்க்கணும். பெரும்பாலும் மேஜை டிராயரில் இருக்கும், பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருக்கும். கைரேகைப் பூட்டையும் கண்ணை மூடி நம்ப முடியாது. வேறு ஆள் விரல் வைத்தாலும் திறந்ததாக வந்த புகார்களால் 2023 அக்டோபரில் அமெரிக்காவில் சுமார் 61,000 பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. வீட்டில் உள்ள எல்லாரையும் விரல் வைக்கச் சொல்லிச் சோதிப்பது ஐந்து நிமிட வேலை.

அதோடு, ‘சேஃப்’ என்று பெயர் இருப்பதாலேயே அது வங்கி லாக்கர் ஆகிவிடாது. கடையில் கிடைக்கும் பெரும்பாலானவை வீட்டு உபயோகப் பெட்டி என்ற வகையில்தான் வரும். இதற்கான யூஎல் தரச் சோதனையின் அடிப்படை நிலை, கைக்கருவிகளோடு ஒருவர் உடைக்க முயலும்போது 5 நிமிடம் தாங்குவது. பிள்ளைகளைத் தடுக்க இது போதும். அவகாசத்தோடு வரும் திருடனுக்குத்தான் தரையில் போடும் போல்ட்.

இவ்வளவு செய்தும் இரண்டு மூன்று வெளியே நிற்கிறதா? அங்கே தனியாக ஒரு சின்ன இரும்பு அலமாரி வாங்குவார்கள், அல்லது பயன்படுத்தாததை உரிமம் பெற்ற டீலரிடம் விற்றுவிடுவார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம்ம ஊர் குடும்பங்களில் பெரும்பாலும் துப்பாக்கி இருக்காது. ஆனால் பிள்ளை விளையாடப் போகும் நண்பன் வீட்டில் இருக்கலாம். சாப்பாட்டில் அலர்ஜி இருக்கிறதா, வீட்டில் நாய் இருக்கிறதா என்று விசாரிப்பது போலவே, ‘உங்க வீட்டில் பூட்டாத துப்பாக்கி இருக்கிறதா?’ என்றும் கேட்கச் சொல்கிறார்கள் அங்குள்ள குழந்தை மருத்துவர்கள். கோடைக்காலம் தொடங்கும் ஜூன் 21-ஐ இந்தக் கேள்விக்கென்றே ஒரு நாளாக அங்கே கடைப்பிடிக்கிறார்கள்.