பனியையும் கையையும் பிரித்தறியாத இயந்திரம்

மாரி தொடங்கிவிட்டது. எங்கள் தெருவில் இப்போது சவள் சுரண்டும் சத்தத்தைவிட மின்சார ஸ்னோ புளோவரின் இரைச்சல்தான் அதிகம் கேட்கிறது. அறுபது, எழுபது வயதைத் தாண்டிய நம்மவர் பலர் இந்த இயந்திரத்துக்கு மாறிவிட்டார்கள். நல்ல மாற்றம்தான். கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையான பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. கடும் பனி பெய்த மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு கூடுவதை அது காட்டியது. குளிரில் சவள் போடுவது நெஞ்சுக்குப் பாரம். ஆனால் நெஞ்சைக் காக்க வந்த இந்த இயந்திரம் விரலைக் கேட்கக்கூடியது. அது ஏன் என்று அறிய அதன் பிறப்பைப் பார்க்க வேண்டும்.

இது நாம் வாழும் இந்த நாட்டிலேயே பிறந்த பொருள். முதலில் வந்தது வீட்டு வாசலுக்கு அல்ல, ரயில் பாதைக்கு. 1869இல் ரொறன்ரோவைச் சேர்ந்த எலியட் என்ற பல் வைத்தியர், சுழலும் சக்கரத்தால் பனியை அள்ளும் கலப்பை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் ஒன்ராறியோவின் ஒரேஞ்ச்வில் ஊரைச் சேர்ந்த ஒரேஞ்ச் ஜல் அந்த எண்ணத்தை மேலும் வளர்த்தார். லெஸ்லி சகோதரர்கள் அதைச் செய்து கொடுக்க, 1883–84 மாரிகாலத்தில் ரொறன்ரோவில் பரீட்சித்துப் பார்த்தார்கள். கத்திகள் பொருத்திய சக்கரம் கெட்டிப்பட்ட பனியை வெட்டும். விசிறி அதை எட்டத்தில் வீசும். இன்றுவரை அடிப்படை இதுதான்.

வீதிக்கு இதைக் கொண்டுவந்தவர் ஆதர் சிக்கார். 1876இல் மொன்றியலை அடுத்த சென் லெயொனாரில் பிறந்தவர், பால்பண்ணைக் குடும்பம். பனி மூடினால் பால் பட்டணத்துக்குப் போகாது. கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது என்பார்கள். ஊரில் சூடு அடித்த களத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: ஒரு பக்கம் இழுத்து, உள்ளே சுழற்றி, மறுபக்கம் வீசுவது. 1925இல் அவர் தன் இயந்திரத்தை முடித்தார். 1927இல் ஊட்ரமோன் நகரசபை ஒன்றை வாங்கியது.

கையால் தள்ளிச் செல்லும் சிறிய இயந்திரங்கள் அமெரிக்காவில் 1950களில் பரவத் தொடங்கின. ஏரியன்ஸ் நிறுவனம் 1960இல் தன்னுடையதைச் சந்தைக்கு விட்டது. இந்தக் கட்டத்தில்தான் ஆபத்து வீட்டு வாசலுக்கு வந்தது. ரயில் இயந்திரத்தில் ஓட்டுநர் உயரத்தில் இருந்தார்; கத்தி எங்கோ முன்னால் இருந்தது. இப்போதோ கத்திக்கும் கைக்கும் இரண்டு, மூன்றடி இடைவெளிதான்.

வட அமெரிக்காவில் ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கானோர் இந்த இயந்திரத்தால் காயப்பட்டு அவசர சிகிச்சைக்குப் போகிறார்கள். கைக்காயங்கள் பெரும்பாலும் ஒரே விதமாக நடக்கின்றன. பூச்சிய வெப்பநிலையை ஒட்டி விழும் ஈரப்பனி மாவைப் போலக் குழாயில் அடைத்துவிடும். மனிதர் மோட்டரை நிறுத்துவார், கையை உள்ளே விடுவார். மோட்டர் நின்றாலும் இறுகிய பட்டியிலும் தண்டிலும் முறுக்கு விசை தேங்கியிருக்கலாம். அடைப்பு விலகியதும் சுழலி ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், விரல் போய்விடும். கையுறை காப்பாற்றாது.

பிடியை விட்டதும் சுழலி நிற்கும் அமைப்பு இதற்காகத்தான் வந்தது. கை நோகிறது என்று அந்தப் பிடியைக் கயிற்றால் கட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மின்சார வகையில் பெற்றோல் இல்லை, புகை இல்லை, கயிறு இழுத்துக் கிளப்பும் வேலையும் இல்லை. கைக்கு அடக்கமாக, விளையாட்டுச் சாமான் போல இருக்கும். அந்த எளிமைதான் நம்மை அசட்டையாக்குகிறது. சிறியதானாலும் அது விரலைப் பதம்பார்க்கும். அடைத்தால் பிடியை விடுங்கள், நிறுத்துங்கள், பிளக்கைக் கழற்றுங்கள். பற்றரி வகையானால் பற்றரியை வெளியே எடுங்கள். சுழலி முற்றாக நின்றபின், கூட வரும் துடுப்பாலோ தும்புத்தடிப் பிடியாலோ மட்டும் பனியைத் தள்ளுங்கள். மோட்டர் நின்றிருந்தாலும் கை உள்ளே போகக்கூடாது.

வயர் வகைக்கு இன்னொரு கவனம். ஊரில் ட்ரிப் சுவிட்ச் என்போமே, அதைப் போலக் கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சொக்கெற்றை இங்கே ஜி.எஃப்.சி.ஐ. என்பார்கள். 1961இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ள்ஸ் டால்சீல் உருவாக்கியது. ஏறத்தாழ 5 மில்லி அம்பியர் கசிந்தாலே அது துண்டித்துவிடும். வெளியில் அந்தச் சொக்கெற்றையே பயன்படுத்துங்கள். வெளிப்பாவனைக்கென்று செய்த, போதிய தடிப்புள்ள எக்ஸ்ரென்சன் வயர் வேண்டும். வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கி வெளியே போங்கள். அப்போது வயர் எப்போதும் பின்னால் இருக்கும். பற்றரியை உறைகுளிரில் சார்ஜ் பண்ணாமல், வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் பண்ணுங்கள்.

தொடங்குமுன் வாசலை ஒருதரம் நடந்து பாருங்கள். பத்திரிகைச் சுருள், கல், கால்மிதி எதுவும் பனிக்குள் மறைந்திருக்கலாம். குழாயின் வாய் வீதிப் பக்கமோ, ஆட்கள் நிற்கும் பக்கமோ இருக்கக்கூடாது. பேரப்பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும், ஆனால் யன்னலுக்கு உள்ளே நின்று.

எலியட்டின் சக்கரம் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இயந்திரம் சிறுத்தது, சத்தம் குறைந்தது, புகை போனது. பனி எது, கை எது என்று பிரித்தறிய மட்டும் அது இன்னும் படிக்கவில்லை. அந்த வேலை நம்முடையது.