பெட்டிக்குள் வளர்ந்த ஆரஞ்சு

சன்னலோரத் தொட்டியில் குட்டை எலுமிச்சை வளர்க்கும் வழக்கத்தின் வேரைத் தேடிச் சென்றால், அரண்மனையையும் ஒரு துறவியின் நூலையும் சந்திக்கிறோம்.

இமயத்தின் தென்கிழக்கு அடிவாரத்தில் தோன்றிய இவ்வினத்திற்கு உறைபனி ஆகாது. (ஆரஞ்சு என்ற சொல்லே நம் நாரத்தைக்கு உறவு என்பர் சொல்லாய்வாளர்.) ஆகவே ஐரோப்பியர் அதைத் தொட்டியில் நட்டு, குளிர்காலத்தில் கூடத்திற்குள் வைத்துக் காத்தனர். வேர் ஒடுங்க, மரமும் சிறுத்து நின்றது. இம்மரங்களைப் பற்றியே ஒரு பெருநூல் எழுதியவர் சியன்னா நகரில் பிறந்த இயேசு சபைத் துறவி ஜொவான்னி பத்திஸ்தா பெர்ராரி. 1646-இல் உரோமையில் வெளிவந்த 'ஹெஸ்பெரிதெஸ்' என்னும் அந்நூலில் பனிகாப்புக் கூடங்களின் படங்களும் உண்டு. அவரோ எபிரேய மொழி கற்பித்தவர்!

வெர்சாய் அரண்மனையின் கதை வேறு. 1661-இல் நிதியமைச்சர் ஃபூக்கே கைதானார். அவரது தோட்டத்து ஆரஞ்சு மரங்கள் பதினான்காம் லூயி மன்னனுக்குப் போயின. நீதிமன்றம் நாடு கடத்தத் தீர்ப்பளித்தும், மன்னன் அதை ஆயுள் சிறையாக்கினான். 1680-இல் அவர் சிறையிலேயே இறந்தார். ஆரஞ்சு மரங்களுக்கோ 1684 முதல் 1686 வரை ஆர்துவென்-மான்சார் தெற்கு நோக்கிய பெருங்கூடம் எழுப்பினார். தடித்த சுவரும் இரட்டைக் கண்ணாடிச் சன்னலும் அடுப்பின்றியே பனியைத் தடுத்தன. மரத்திற்குக் காட்டிய பரிவை மன்னன் மனிதனுக்குக் காட்டவில்லையே என்று நாம் வருந்துகிறோம்.

அங்குள்ள மரப்பெட்டிகளின் பக்கப் பலகையைத் திறந்து வேரைக் கத்தரிக்கலாம், மண்ணையும் மாற்றலாம். இன்றும் அவை மே மாதம் வெயிலுக்கு வருகின்றன. அக்டோபரில் உள்ளே திரும்புகின்றன.