காணொளித் தளமும் பதிப்புரிமையும்: யார் பொறுப்பு?



போன பொங்கலுக்கு என் படிவம் நான்கு மாணவர்கள் ஒரு காணொளி தயாரித்தார்கள். பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு. இணையத்தில் ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே ஒலி நிறுத்தப்பட்டுவிட்டது. "டீச்சர், பாட்டைப் போட்டது நாங்க. அந்தத் தளத்துக்கு என்ன பயம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்விதான். விடை தேடினால், அமெரிக்காவில் ஏழு ஆண்டுகள் நடந்த ஒரு வழக்குக்குப் போக வேண்டும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1998இல் அமெரிக்கா மின்னிலக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. டி.எம்.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பயனர் ஏற்றும் பொருளுக்குத் தளம் இழப்பீடு கட்ட வேண்டியதில்லை என்று அது பாதுகாப்பு அளித்தது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. உரிமை மீறல் நடப்பது தளத்துக்குத் தெரிந்திருக்கக் கூடாது. தெரிய வந்தாலோ, உரிமையாளர் அறிவிக்கை கொடுத்தாலோ உடனே நீக்க வேண்டும். இரவுச் சந்தையில் இடம் கொடுத்தவரை நினைத்துப் பாருங்க. எந்தக் கடையில் திருட்டுப் பொருள் விற்கிறது என்று தெரிந்த பிறகும் அவர் சும்மா இருக்க முடியாது, இல்லையா?

2005இல் யூடியூப் தொடங்கியது. அடுத்த ஆண்டே கூகுள் அதை 1.65 பில்லியன் டாலருக்கு வாங்கியது. எம்.டி.வி., பாராமவுண்ட் ஆகியவற்றின் உரிமையாளரான வியாகாம், 2007 பிப்ரவரியில் சுமார் 100,000 காணொளிகளை நீக்கச் சொன்னது. அடுத்த வேலை நாளுக்குள் அநேகமாக எல்லாமே நீக்கப்பட்டன. அப்படியும் மார்ச் மாதத்தில் வியாகாம் 1 பில்லியன் டாலர் கேட்டு நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது.

வழக்கின் உயிர்நாடி ஒரே சொல்: 'தெரியும்'. திருட்டுக் காணொளிகள் நிறைய இருப்பது யூடியூப் நிறுவனர்களுக்கே தெரியும் என்று வியாகாம் அவர்களின் மின்னஞ்சல்களைக் காட்டியது. யூடியூப்பும் விடவில்லை. வியாகாமே விளம்பரத்துக்காகத் தன் காணொளிகளை ரகசியமாக ஏற்றியிருக்கிறது, அப்படியிருக்க எது அனுமதி பெற்றது, எது பெறாதது என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டது.

2010இல் நீதிபதி லூயிஸ் ஸ்டான்டன் யூடியூப் பக்கம் தீர்ப்பளித்தார். பொதுவாகத் தெரிந்திருப்பது போதாது. இன்ன காணொளி என்று குறிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்றது. ஆனால் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்வதும் 'தெரிந்தது' ஆகலாம் என்று சொல்லி, வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2013இல் ஸ்டான்டன் மீண்டும் யூடியூப்புக்கே சாதகமாகத் தீர்த்தார். 2014 மார்ச்சில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

வென்றது யூடியூப்தான். ஆனாலும் பழைய மாதிரி அது இருக்கவில்லை. வழக்குத் தொடங்கிய 2007ஆம் ஆண்டிலேயே, ஏற்றப்படும் காணொளிகளை உரிமையாளர்கள் கொடுத்த மாதிரிகளோடு ஒப்பிடும் 'கன்டென்ட் ஐடி' முறையைக் கொண்டுவந்தது. சட்டம் கேட்டது, தெரிய வந்த பிறகோ அறிவிக்கை கிடைத்த பிறகோ நீக்குவதைத்தான். இயந்திரமோ அறிவிக்கைக்கு முன்பே வேலை செய்கிறது. பிற தளங்களும் இதே போன்ற முறைகளைப் பின்னர் கொண்டுவந்தன. என் மாணவியின் கேள்விக்கு விடை இதுதான்.

நம் மலேசியாவிலும் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் இதே போன்ற விதிகள் சேர்க்கப்பட்டன. அறிவிக்கை கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். ஏற்றியவர் மறுப்பு அறிவிக்கையும் கொடுக்கலாம். தளத்துக்குத்தான் இந்தப் பாதுகாப்பு, ஏற்றியவருக்கு இல்லை. ஆசிரியர்களே, பாடக் காணொளி ஏற்றும்போது இதை மறந்துடாதீங்க. மாணவர்களின் சொந்தப் படைப்பை அவர்களின் குரலிலும் உறுமியிலும் பதிவு செய்தால் வம்பு இல்லை.

மாணவர்களுக்கு: இந்த வழக்கைக் கட்டுரையில் எழுதினால் ஆண்டுகளை மட்டும் அடுக்காதீங்க. 2010, 2012 தீர்ப்புகள் 'தெரிந்திருத்தல்' என்பதை எப்படி விளக்கின என்று ஒப்பிட்டு எழுதுங்க. அதில்தான் உங்கள் சிந்தனை வெளிப்படும்.